உலகச் சாம்பியன் இருக்கிறார், பனித்தளம் எங்கே?

2025 செப்டம்பர் 15 அன்று சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில், 1,000 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 24.924 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். சக்கர ஸ்கேட்டிங் ஓட்டத்தில் இந்தியர் ஒருவர் சீனியர் பிரிவில் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் அவருக்கே தங்கம். முந்தைய மாதம் செங்டு உலக விளையாட்டில் ஒரு வெண்கலம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியபோதும் அவர் அணியில் இருந்தார். அதே நாளில் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கியது. அந்த நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

இவ்வளவு சாதித்தவர்களும் தங்கள் விளையாட்டை வைத்து ஒலிம்பிக் போட்டிக்குப் போக முடியாது. சக்கர ஸ்கேட்டிங் ஓட்டம் ஒலிம்பிக்கில் கிடையாது. 2018இல் புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் அது ஒருமுறை இடம்பெற்றதோடு சரி. மற்ற விளையாட்டுகளில் உலகச் சாம்பியன் ஆனவரிடம் அடுத்தது ஒலிம்பிக்தானே என்று கேட்கிறோம். இவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு வாய் வராது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு பிளேடு மாட்டிப் பனித்தளத்தில் இறங்குவது ஒன்றே இவர்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி. அமெரிக்கரும் பெல்ஜியரும் கொலம்பியரும் அந்த வழியில் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் போக வேண்டும், அதற்கான ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

குளிர்கால ஒலிம்பிக்கில் மலையும் பனிச்சரிவும் தேவைப்படாத விளையாட்டுகள் சில உண்டு. அவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது ஷார்ட் ட்ராக் எனப்படும் குறுந்தட ஸ்கேட்டிங். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஓர் உள்ளரங்கம் போதும். ஐஸ் ஹாக்கிக்குப் போடும் அதே தளத்தில் கறுப்புக் குற்றிகளை வைத்து 111.12 மீட்டர் சுற்றளவில் ஒரு நீள்வட்டம் அமைத்துவிடுவார்கள். 500 மீட்டர் என்றால் நாலரைச் சுற்று, 1,000 மீட்டருக்கு ஒன்பது, 1,500 மீட்டருக்குப் பதின்மூன்றரை. ஆண்கள் தொடர் ஓட்டம் 45 சுற்று. 1988இல் கால்கரியில் காட்சி விளையாட்டாக அறிமுகமாகி, 1992இல் ஆல்பர்ட்வில்லில் பதக்க விளையாட்டானது. 2026 பிப்ரவரியில் மிலானில் இதற்கு மட்டும் ஒன்பது தங்கப் பதக்கங்கள் வைத்திருந்தார்கள். இந்த விளையாட்டில் இதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் இந்தியர் ஒருவர்கூடக் களம் இறங்கியதில்லை.

நீண்ட தட ஸ்கேட்டிங்கில் இருவர் இருவராக ஓடிக் கடிகாரத்தோடு போட்டி போடுவார்கள். குறுந்தடத்தில் நாலைந்து பேர் ஒரே வளைவுக்குள் முட்டிக்கொண்டு நுழைய வேண்டும். மணிக்கு 45 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எட்டு மீட்டர் ஆர வளைவைத் திரும்பும்போது, உடல் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்கு விசை அவர்களை வெளியே தள்ளும். அதைத் தாங்க இடது பக்கம் சாய்ந்து, விரல் நுனியில் கெட்டியான பூச்சு உள்ள கையுறையால் ஐஸைத் தொட்டபடி திரும்புவார்கள். எல்லா வளைவும் இடது பக்கமே என்பதால் பிளேடும் காலணிக்கு நேர் நடுவில் இருக்காது. சற்று இடது பக்கம் தள்ளிப் பொருத்தி, இடப்பக்கமாகவே கொஞ்சம் வளைத்தும் வைப்பார்கள். எங்கே முந்துவது, யார் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றின் எதிர்ப்பை மிச்சம் பிடிப்பது என்பதை அரை விநாடியில் முடிவு செய்தாக வேண்டும். 2002இல் சால்ட் லேக் சிட்டி 1,000 மீட்டர் இறுதிப் போட்டியின் கடைசி வளைவில் முன்னால் போன நால்வரும் விழுந்தார்கள். கடைசியில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் வென்றார். அதை அதிர்ஷ்டம் என்று பலர் சொல்வார்கள். பனி அரிதான ஒரு நாட்டிலிருந்து வந்து, கழுத்தெலும்பு முறிந்து மீண்டு, நான்காவது ஒலிம்பிக்கில் நின்ற ஒருவரின் பதக்கத்தை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நான் இருப்பது புதியம்புத்தூரில். ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் பூமி. கோடையில் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழைக்குச் சேறாகி ஒட்டும். இங்கிருந்து பனி விளையாட்டைப் பற்றி எழுதினால் முதலில் வரும் கேள்வி, இந்த வெயிலில் அது எப்படி என்பதாகத்தான் இருக்கும். ஒக்காலா என்ற ஊரின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன சூடான ஊர் ஒக்காலா. அங்கே ரெனே ஹில்டெபிராண்ட் என்ற பயிற்சியாளர் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற எரின் ஜாக்சன், பிரிட்டனி போ, ஜோயி மான்டியா மூவருமே பின்னாளில் பனித்தளத்துக்கு மாறி ஒலிம்பிக் வீரர்கள் ஆனார்கள். ஜாக்சன் ஐஸில் ஏறி ஏறத்தாழ நான்கே மாதத்தில் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2022 தகுதிப் போட்டியில் அவர் 500 மீட்டரில் தடுமாறி இடத்தை இழந்தபோது, முதலிடம் பிடித்த பிரிட்டனி போ தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் பெய்ஜிங் போய் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். இவர்கள் மூவரும் ஓடியது நீண்ட தடம். ஆனால் குறுந்தடத்தில் எட்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அபோலோ ஓனோவும் சக்கரத்தில் தொடங்கியவரே.

சக்கரத்தில் பழகிய உடலுக்கு முழங்கால் மடிப்பு, பக்கவாட்டு உந்துதல், வளைவில் வலது காலை இடது காலின் மேல் கடத்தி வைக்கும் அடி, கூட்டத்துக்குள் ஓடும் துணிச்சல் எல்லாம் முன்பே பதிந்திருக்கும். புதிதாகப் பழக வேண்டியது, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலமுள்ள இரும்பின் விளிம்பில் நிற்பது. அதற்கு மாதக்கணக்கில் ஐஸ் வேண்டும். ஒக்காலாப் பிள்ளைகளுக்குச் சால்ட் லேக் சிட்டியில் ஐஸ் இருந்தது, அங்கே போய்த் தங்கிப் பழக அவர்கள் நாட்டு அமைப்பு கைகொடுத்தது. நம் பிள்ளைகளுக்குச் சக்கரம் மட்டும் இருக்கிறது.

தளம் வந்தால் ஆள் வருவான் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. கோவில்பட்டி போதும். ஹாக்கி இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. ஆனாலும் நெடுங்காலம் நம் பையன்கள் மண் தரையில் பழகிவிட்டு, செயற்கைப் புல்தளத்தில் நடக்கும் தேர்வில் பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திரும்பினார்கள். பிறகு கோவில்பட்டிக்கே செயற்கைத் தளம் வந்தது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையமும் அமைந்தது. 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து இந்த மையத்தில் பழகிய கார்த்தியும் இருந்தார்கள். கரிசல் மண்ணின் திறமை அதற்கு முன்பும் இதே அளவுக்கு இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். தேர்வாளர் கண்ணுக்கு அது தெரிவதற்குத் தளம் தேவைப்பட்டது.

ஹாக்கியில் இன்னொரு நன்மை, மட்டையும் காலணியும் விடுதியிலேயே கிடைத்துவிடும். ஸ்கேட்டிங்கில் அப்படி இல்லை. போட்டித் தரத்தில் ஒரு ஜோடி இன்லைன் ஸ்கேட் வாங்க லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும், சக்கரம் தேயத் தேய மாற்ற வேண்டும். அதனால் இந்த விளையாட்டு பெருநகரத்து வசதியான வீடுகளோடு நின்றுவிட்டது. புதியம்புத்தூரைக் குட்டித் திருப்பூர் என்பார்கள். வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும் ஊர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாயின் மகளுக்கு அந்த ஒரு ஜோடி ஸ்கேட் எட்டாக் கனி. உலகச் சாம்பியனைப் பெற்ற மாநிலம், அடுத்தவரைச் சில ஆயிரம் வீடுகளுக்குள் மட்டும் தேடிக்கொண்டிருப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. மாவட்ட விளையாட்டரங்குகளில் ஸ்கேட்டுகளை நூலகப் புத்தகம் போல இரவல் தரும் ஏற்பாடு வேண்டும். தென் மாவட்டங்களுக்குப் பொதுவாக, வளைவு உயர்த்திய 200 மீட்டர் ஓடுதளம் ஒன்று வேண்டும். (போட்டியில் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் பிளேடு அறுக்காமலிருக்க, வெட்டுத் தாங்கும் நூலில் தைத்த உடை குறுந்தடத்தில் கட்டாயம். தைக்கக் கற்ற ஊருக்கு அதில் ஒரு வேலையும் இருக்கிறது.)

தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் பூமியில் ஐஸ் போட்டு விளையாடவா என்பார்கள். நியாயமான கேள்வி. 60 மீட்டருக்கு 30 மீட்டர் தளத்தில் நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு உறைய வைக்க 72,000 லிட்டர் போதும். அது 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஆறு லோடு. தளத்தை மெழுகிச் சமன்படுத்த அன்றாடம் கொஞ்சம் சேர்த்து ஊற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. உண்மையான செலவு மின்சாரத்தில்தான். தரைக்கு அடியில் குழாய்களில் குளிர்ந்த உப்புக் கரைசலை ஓட்டித் தளத்தை உறைநிலைக்கும் ஐந்தாறு டிகிரி கீழே வைத்திருக்க வேண்டும். கடற்கரை ஊரென்றால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்தத் தொழில்நுட்பம் நமக்கு அந்நியமும் இல்லை. தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பார் போடும் ஆலைகளிலும் இறால் ஏற்றுமதிக் குளிர்பதனக் கிடங்குகளிலும் கம்ப்ரஸர் ஓட்டத் தெரிந்த கைகள் எத்தனையோ இருக்கின்றன. கயத்தாறு பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை.

கட்டிவிட்டு மூடுவதுதான் நான் அஞ்சுவது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக முழு அளவுப் பனித்தளம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பராமரிப்புச் செலவுக்கு வழியில்லாமல் பத்தாண்டுக்கு மேல் அது வெறும் கட்டடமாகக் கிடந்தது. 2025இல்தான் சீர்செய்து திறந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஆசிய ஓபன் குறுந்தடப் போட்டியும் நடந்தது. வணிக வளாகத்துக்குள் அமைப்பதும் நிலைக்காது. சிங்கப்பூரின் ஜேக்யூப் வளாகத்திலிருந்த ஒலிம்பிக் அளவுத் தளம் 2012இல் திறந்து 2023இல் மூடப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் பனித்தளம் என்று அறிவிப்பு வருவதற்கு முன்பாகப் பத்தாண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத அடிக்கல் நாட்டு விழாவை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். டேராடூன் தளம் இப்போது இருக்கிறது. 2025 ஜனவரியில் லடாக்கின் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், தமிழ்நாட்டு ஸ்கேட்டர்கள் பதக்கங்களோடு திரும்பினார்கள். சொந்த மாநிலத்தில் தளமே இல்லாமல் அதைச் செய்தார்கள். மாநில ரோலர் ஸ்கேட்டிங் போட்டிகளிலிருந்து 12 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட இருபது பேரை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தேர்ந்தெடுக்கட்டும். அதில் பாதிப் பேராவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளாக இருக்கட்டும். ஏப்ரல், மே விடுமுறையில் டேராடூனுக்கு அனுப்பி ஆறு வாரம் ஐஸில் நிறுத்தட்டும். கொரியாவிலிருந்தோ ஹங்கேரியிலிருந்தோ ஒரு பயிற்சியாளரை அந்த ஆறு வாரத்துக்கு அழைக்கட்டும். ஹங்கேரி தன் முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கத்தை வென்றதே 2018இல், குறுந்தடத் தொடர் ஓட்டத்தில்தான். ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பிளேடு இவற்றுக்கான செலவு ஒரு ஹாக்கி விடுதியை ஆண்டு முழுக்க நடத்தும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2030இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில். அதற்கடுத்தது 2034இல் யூட்டாவில். முதல் குழு இந்தக் கோடையிலேயே கிளம்ப வேண்டும்.