வெற்றிக்கிண்ணமும் எமது பிள்ளைகளும்

கோடை பிறந்தால், புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விளையாட்டு விழாக்களை நடத்துகின்றன. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், கயிறிழுத்தல் என நாள் முழுதும் ஆரவாரம், மாலையில் வெற்றிக்கிண்ணம். இவ்விழாக்கள் எம்மை ஒன்றுசேர்க்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு இவை எதைக் கொடுக்கின்றன என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

அப்பிள்ளையை நாம் அறிவோம். திடீரென எழும் ஓசைக்குத் திடுக்கிடுவான். சிறு சொல்லுக்கும் சினப்பான், அல்லது வாயே திறவான். இரவில் உறக்கமில்லை, வகுப்பில் கவனமில்லை. இத்தகையோருட் சிலர் ஷெல்லடியையும் இடப்பெயர்வையும் கண்ணாற் கண்டவர்கள். 2009ஆம் ஆண்டின் பின் பிறந்தோரோ போரைக் காணாதவர்கள். எனினும் பெற்றோரின் மௌனத்தையும், அகதி விண்ணப்பத்தின் முடிவறியாது கழியும் ஆண்டுகளையும் வீட்டினுள்ளே கண்டு வளர்பவர்கள். அடங்காதவன், சோம்பேறி என நாம் சூட்டும் பெயர்கள் பல வேளைகளில் மனவடுவின் அறிகுறிகளே.

மனவடு உள்ளத்தில் மட்டும் தங்குவதன்று. ஆபத்து நீங்கிய பின்னரும் உடல் காவலிருக்கின்றது; நெஞ்சு படபடக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. ஆதலாற்றான் அறிவுரை மட்டும் போதுவதில்லை. சீரான ஓட்டம், ஒழுங்கான மூச்சு, தோழரோடு பந்தைப் பகிர்தல் ஆகியன, இப்போது அச்சமில்லை என்பதை உடலுக்கே உணர்த்த உதவுகின்றன.

பிறநாட்டார் இதனைச் செய்து காட்டியுள்ளனர். அமெரிக்காவின் அற்லாண்டா நகருக்கு அண்மையிலுள்ள கிளார்க்ஸ்ரன் என்னும் சிற்றூரில், யோர்தானிற் பிறந்த லூமா முப்லே என்ற பெண்மணி 2004ஆம் ஆண்டில் அகதிச் சிறுவருக்கென உதைபந்தாட்ட அணியொன்றைத் தொடங்கினார். பயிற்சியோடு பாட உதவியும் சேர்ந்தது. பின்னர் ஒரு பாடசாலையும் எழுந்தது. தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் ரிம் கோனிபியர் என்பவர் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கலைக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கு அதே குடியிருப்புகளின் இளைஞரே பயிற்றுநராகினர்.

எனினும் விளையாட்டு தானாகவே மருந்தாகிவிடாது. கூச்சலிடும் பயிற்றுநர், தோற்றவனை ஏளனம் செய்யும் கூட்டம், திறமையற்றவனை எந்நேரமும் வெளியே இருத்தும் வழக்கம் ஆகியன புண்ணில் வேல் பாய்ச்சுவனவாம்.

வேண்டப்படுவன எளியவை. வாரந்தோறும் அதே நாள், அதே இடம், அதே பயிற்றுநர். தொடக்கமும் முடிவும் ஒரே ஒழுங்கில். அடுத்து நடக்கவிருப்பதை முன்கூட்டியே சொல்லுதல். அடி, வசை, தண்டனை ஓட்டம் இல்லாமை. அனுமதியின்றித் தொடாமை. மனம் குழம்பிய பிள்ளை சற்று விலகியிருந்து, கேள்வியின்றித் திரும்பிவர ஓரிடம். கடந்த காலத்தைத் துருவிக் கேளாமை. பயிற்றுநர் மருத்துவர் அல்லர். பிள்ளை தன்னைத் தானே வருத்தக் கண்டால், பெற்றோருடன் பேசிக் குடும்ப வைத்தியரிடம் உடன் அனுப்புதல் அவர் கடமை. அவரது நன்னடத்தையைச் சங்கம் முன்னரே உறுதிசெய்தல் அவசியம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்ற எண்ணத்தில், சனி ஞாயிறு முழுவதையும் ரியூசன் வகுப்புகளுக்கே ஒதுக்குகின்றோம். பெண்பிள்ளைகளை வயது வந்ததும் மைதானத்திலிருந்து மறித்துவிடுகின்றோம். ஐந்து முதல் பதினேழு வயதுடையோருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் ஆண், பெண் என்ற பேதமில்லை. உறங்காத, அஞ்சிய பிள்ளையின் தலையில் எப்பாடம் ஏறும்?

சங்கங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. கிண்ணங்களுக்கும் மண்டபத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, ஆண்டு முழுதும் நடக்கும் வாராந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அங்கு தெரிவுப் போட்டி வேண்டாம். வருகின்ற பிள்ளை அனைவருக்கும் இடமிருக்கட்டும். எமது இளைஞர் இருவரையேனும் முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள். அடுத்த கோடைக்கு இன்னும் காலமிருக்கின்றது. இவ்வாண்டின் பொதுக்கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக எடுப்பது நன்று.