திரைக்கு ஓர் ஆயுள், மென்பொருளுக்கு ஓர் ஆயுள்

ஒசூரில் 1980-இல் தொடங்கப்பட்ட அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து பல லாரிகள் கூண்டு இல்லாமல் வெறும் சேஸிஸாகவே வெளியேறுகின்றன. வாங்குபவர் நாமக்கல் போன்ற ஊர்களில் தம் தேவைக்கேற்பக் கூண்டு கட்டிக்கொள்கிறார். கூண்டு பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்; என்ஜினைக் கைவிட வேண்டியதில்லை.

லாரியில் இயல்பாக இருக்கும் இந்தப் பிரிவினை, ஸ்மார்ட் டிவியில் இல்லை. அதன் திரை பத்தாண்டு உழைக்கக்கூடும். உள்ளிருக்கும் மென்பொருளோ சில ஆண்டுகளிலேயே புதுப்பிப்பின்றித் தளர்ந்துவிடுகிறது. செயலிகள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கின்றன. ஆயுள் வேறுபடும் இரு பொருள்களை ஒன்றாகக் கட்டி விற்றால், குறைந்த ஆயுளே இரண்டுக்கும் ஆயுளாகிறது. விற்றுமுடித்த டிவியின் மென்பொருளைப் பேணுவதில் தயாரிப்பாளருக்குப் பெரிய ஆதாயமும் இல்லை.

இதற்கு மக்கள் கண்டுகொண்ட மாற்று, எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு ஸ்ட்ரீமிங் கருவி. சில ஆயிரம் ரூபாயில் பழைய திரை மீண்டும் பயன்படுகிறது. கேபிள் டிவிக்குத் தனியே செட்-டாப் பாக்ஸ் வைத்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. இக்கருவிகளை விற்பவர்களும் அமேசான், கூகுள் போன்ற பெருநிறுவனங்களே என்பது உண்மை. ஆனால், கருவி பிடிக்கவில்லையெனில் வேறொன்றுக்கு மாறும் செலவு, டிவியையே மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். நுகர்வோரின் பேரம் பேசும் வலிமை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டுவிற்பனை, தயாரிப்பாளர்களையும் பிணைத்திருந்தது. ஆண்ட்ராய்டு டிவியில் பிளே ஸ்டோர் வேண்டுமெனில் கூகுளின் செயலித் தொகுப்பு முழுவதையும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை குறித்து, இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் ரூ.20.24 கோடி செலுத்தி கூகுள் சமரசம் செய்துகொண்டது. பிளே ஸ்டோருக்கும் பிளே சேவைகளுக்கும் கட்டணத்தின்பேரில் தனி உரிமம் தரவும் ஒப்புக்கொண்டது.

இது வரவேற்கத்தக்கது. எனினும், தயாரிப்பாளருக்குக் கிடைத்த இவ்விடுதலை நுகர்வோரை எட்டிவிடவில்லை. எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதைக் கடையில் அறிவது இன்றும் எளிதன்று. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். இங்கே மின்சிக்கனத்துக்கான நட்சத்திரக் குறியீடு டிவியில் ஒட்டப்படுகிறது. அதனருகே புதுப்பிப்பு முடியும் ஆண்டையும் அச்சிடச் செய்வதில் என்ன தடை?

ஒசூர் சிப்காட் ஆலைகளில் உழைக்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, தவணையில் டிவி வாங்குகிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழி புழங்கும் இப்பகுதியில், பல மொழி நிகழ்ச்சிகளுக்குப் பல செயலிகள் அவருக்குத் தேவை. அவை இயங்காமல் போகும் நாள் எது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும்; பணம் கொடுப்பவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைக் களைவது அரசின் கடமை. அதுவரை, டிவி வாங்குவோர் திரையின் தரத்துக்கு மட்டும் விலை கொடுப்பதும், மென்பொருளை வெளிக்கருவியிடம் விடுவதுமே விவேகம்.