வறுவல் ஏன் துவண்டு போகிறது?



கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். கடைகளில் தாள் உறையில் இட்டுத் தருகிறார்களே, அந்த ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் எனும் உருளைக்கிழங்கு விரல் வறுவலை நான்கு முறை வீட்டில் செய்து பார்த்தாராம். நான்கு முறையும் எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருந்தது, தட்டில் பரிமாறுவதற்குள் வாடிய கொத்தவரங்காய் போலத் துவண்டு விட்டதாம். "கடைக்கே போய் வாங்கிவிடலாம் உம்மா என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் ஏதேனும் மாவு சேர்க்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

சில நிறுவனங்கள் மெல்லிய மாவுப் பூச்சு தருவது உண்மைதான். சோளமாவு தூவிப் பொரித்தால் போதும் என்று சொல்லும் சகோதரிகளும் உண்டு. நானும் தூவிப் பார்த்தேன். மொறுமொறுப்பு வந்தது; ஆனால் வாயில் தெரிந்தது மாவின் மொறுமொறுப்பு, கிழங்கினுடையது எங்கோ ஒளிந்துகொண்டது. மாவின் துணையின்றியே நல்ல வறுவல் செய்ய முடியும். நாம் ஒரே மூச்சில் முடிக்க நினைக்கும் வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் பல கட்டங்களாகப் பிரித்துச் செய்கிறார்கள். அவ்வளவே வேறுபாடு.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பச்சைக் கிழங்கை நறுக்கி, நன்கு காய்ந்த எண்ணெயில் போட்டால், மேற்புறம் விரைவில் சிவந்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரோ அப்படியே இருக்கும். எடுத்து வைத்த பின் அது ஆவியாக வெளியேற முயன்று, சற்று முன் காய்ந்த மேலோட்டை நனைத்து விடுகிறது. சகோதரியின் வறுவல் மேசைக்கு வருவதற்குள் துவண்டதன் காரணம் இதுதான். ஆகவே உட்புறத்தை முதலில் நிதானமாக வேகவைத்து, மேற்புறத்து ஈரத்தைப் போக்கி, அதன்பின் சூடான எண்ணெயில் உறுதியாக்க வேண்டும். இந்த உணவு தங்களுடையது என்று பிரெஞ்சுக்காரரும் பெல்ஜியத்தாரும் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் இரண்டு முறை பொரிக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு நாட்டுச் சமையற்காரர்களுக்கும் பெரிய பிணக்கு இல்லை.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். பல வீடுகளில் தோல்வி தொடங்குவது இங்கேதான். ஆண்டு முழுவதும் நம் சந்தைக்கு வரும் கிழங்கில் ஒரு பகுதி வட இந்தியக் குளிர்கிடங்குகளில் மாதக் கணக்கில் இருந்து வருவது. அங்கே 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. அத்தகைய கிழங்கு எண்ணெயில் விழுந்ததும் மளமளவென்று கறுத்துவிடும். நிறத்தைக் கண்டு நாம் எடுத்துவிடுவோம். ஈரமோ உள்ளேயே நிற்கும். இதனால்தான் வறுவலுக்கென்று வைக்கும் கிழங்கைத் தொழிற்சாலையினர் 10 முதல் 12 பாகை வெப்பத்தில் சேமிக்கிறார்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் விரல் வறுவலுக்காகவே 'குஃப்ரி ஃப்ரைசோனா' என்ற இரகத்தை 2009-ல் வெளியிட்டது. அதைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காமல், வெளிச்சம் படாத இடத்தில் சாக்கிலோ கூடையிலோ இரண்டு வாரம் விட்டுவையுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி மீண்டும் மாச்சத்தாகிவிடும். பச்சை நிறம் பாய்ந்த கிழங்கை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அதில் நச்சுப்பொருள் கூடியிருக்கும்.

மாவுத்தன்மையுள்ள கிழங்கு எது, வழவழப்பான கிழங்கு எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 11 குவளைத் தண்ணீரில் 1 குவளை உப்பைக் கரைத்துக் கிழங்கை இடுங்கள். மூழ்குவது மாவுக் கிழங்கு, வறுவலுக்கு ஏற்றது. மிதப்பதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவுக்காக இவ்வளவு உப்பைக் கரைப்பது வீண் என்று என் மாமியார் கடிந்துகொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடைக்காரரிடம் ஒரே மூட்டையிலிருந்து வாங்குபவர்கள் ஒரு முறை சோதித்தால் போதும்.

அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் கனத்துக்கு, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவில் நீளவாக்கில் நறுக்குங்கள். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் மெலிந்தது கருகும்போது தடித்தது வெந்திருக்காது. நறுக்கியதைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் பால் போலாகும். அது மேலே ஒட்டியிருக்கும் மாச்சத்து. தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை மாற்றி அலசி, அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மேற்பரப்பிலுள்ள சர்க்கரையும் இதனால் குறையும். மாச்சத்துள்ள பொருள்களை மிகுந்த சூட்டில் சிவக்க வைக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதைச் சுவீடன் நாட்டு அறிவியலார் 2002-ல் வெளிப்படுத்தினார்கள். ஊறவைப்பதாலும், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவதாலும் அது குறைகிறது.

அடுத்து, 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகரும் சிறிது உப்பும் சேர்த்து, நறுக்கியவற்றை இட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். புளிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கிழங்கின் நுண்ணறைகளை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருள் வெறும் வெந்நீரில் எளிதில் கரைந்துவிடும். புளிப்பிருந்தால் அவ்வளவு விரைவில் கரையாது. ஆகவே உள்ளே வெந்தாலும் விரல் உடையாது. கொதி வந்தபின் ஏழெட்டு நிமிடத்தில் எடுத்து வடித்துவிடுங்கள்.

இனி ஈரம் போக்குவது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் வலது மணிக்கட்டில் உள்ள தழும்பு அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்பு மாலை. நோன்பு திறக்கக் கால்மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகள் கேட்டார்களே என்று, அலசிய கிழங்கைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அள்ளி, விளிம்பு வரை எண்ணெய் நிறைந்த சட்டியில் மொத்தமாகக் கொட்டினேன். எண்ணெய் பால் பொங்குவது போல் நுரைத்து எழும்பி, சட்டிக்கு வெளியே வழிந்து, கையிலும் அடுப்பிலும் பாய்ந்தது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்த நேரத்தில் அந்தப் படிப்பு எங்கே போயிற்றோ. மாமியார் ஓடிவந்து கேஸை அடைத்தார். பற்பசை தடவ வந்த பக்கத்து வீட்டம்மாவைத் தடுத்து, என் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்கச் செய்தவரும் அவர்தான். தீப்பற்றாமல் போனது அல்லாஹ்வின் கருணை. எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் சட்டியை மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும், அடுப்படிக்கு வரும் ஆண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆகவே வடித்த விரல்களைச் சுத்தமான பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி அளவே போடுங்கள். நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு தணிந்து, கிழங்கு எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

முதற்பொரிப்புக்கு மிதமான சூடு, சுமார் 150 பாகை. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்: அடியில் போய், சிறு குமிழிகள் விட்டு, மெல்ல மேலே வந்தால் சரியான பதம். மூன்று நான்கு நிமிடத்தில், நிறம் மாறுமுன், மேல் தோல் சற்றுத் தடித்ததும் எடுத்து ஆறவிடுங்கள். அரைமணி நேரமாவது ஆற வேண்டும். மங்கலாக, அழகற்று இருக்கும், கவலை வேண்டாம்.

இரண்டாம் பொரிப்புக்குச் சூடு 175 பாகையளவு இருக்கட்டும். துண்டு போட்டதும் மூழ்காமல் உடனே சீறிக் குமிழியிட வேண்டும்; எண்ணெய் புகையக் கூடாது. இப்போது கண்ணை விடக் காதுக்கு வேலை அதிகம். முதலில் எழும் இரைச்சல், ஈரம் குறையக் குறைய அடங்கும். பொன்னிறமும் அடங்கிய ஓசையும் ஒன்றாக வரும்போது ஜல்லிக்கரண்டியில் அள்ளி, சட்டியின் மேலேயே நன்றாக உதறிவிடுங்கள். கிழங்கு எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் இருக்கையில் நிகழ்வதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது உள்ளே ஆவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சில நொடிகளில் உதறிய உதறலே எண்ணெய்ச் செலவையும் நெஞ்சுக்கரிப்பையும் குறைக்கும். உப்பை அப்போதே தூவுங்கள். மூடி போட்டு வைக்காதீர்கள். பாத்திரத்துக்குள் ஆவி சுற்றினால் இவ்வளவு பாடும் வீண்.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கடலை எண்ணெய் இதற்குப் பொருத்தமானது. பெல்ஜியத்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதே பழைய வழக்கம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமும் 1990 வரை பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பையே பயன்படுத்தியது. பிறகு தாவர எண்ணெய்க்கு மாறினாலும், சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கப்பட்டது குறித்து 2001-ல் வழக்கு எழுந்து, 2002-ல் ஒரு கோடி டாலர் தர அந்நிறுவனம் இணங்கியது. இந்தியாவில் அச்சாரம் சேர்ப்பதில்லை என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டில் படிக்கும், பணிபுரியும் நம் பிள்ளைகள் 'வெறும் உருளைக்கிழங்குதானே' என்று எண்ணிவிடாமல், எதில் பொரித்தது என்று கேட்டு உண்பது நல்லது. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் கொழுப்பு கிழங்கில் ஏறினாலும் அது நமக்கு ஆகாததுதானே!

பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் செலவழித்துவிடுங்கள். நோன்பு மாதம் முழுவதும் ஒரே எண்ணெயில் வடையும் சமோசாவும் பொரிக்கும் வீடுகளை நான் அறிவேன். கறுத்து, பிசுபிசுத்து, நுரைக்கும் எண்ணெயில் கேடான பொருள்கள் சேர்ந்திருக்கும். அவற்றின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதித்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் போதும்.

நேரமில்லாத சகோதரிகளுக்கு ஒரு வழி. முதற்பொரிப்பு முடிந்து ஆறிய விரல்களைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, இறுகியதும் பையில் கட்டிவிடுங்கள். வேண்டும்போது பனி உருக விடாமல், மேலே ஒட்டிய பனித்துகளை உதறிவிட்டு, சிறு சிறு கைப்பிடியாக இரண்டாம் பொரிப்புக்கு இடலாம். உறைந்த கிழங்கின் உட்புறம் முன்னைவிடப் பஞ்சு போலிருப்பதைக் காண்பீர்கள். நோன்பு திறக்கும் பரபரப்பில் சட்டியருகே நிற்கும் நேரமும் ஐந்து நிமிடமாகக் குறையும்.

கீழக்கரைச் சகோதரி ஐந்தாம் முறை செய்து பார்த்துவிட்டு எழுதட்டும். ஒரு விரலை எடுத்து நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டும்போது தலை சாயாமல் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். என் வீட்டில் இதுவரை கண்டது பத்து நிமிடம். அதற்கு மேல் எண்ணிப் பார்க்கப் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.