அயலார் வீட்டுத் துக்கம்

பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்க அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ செல்லும் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. அடுத்த வீட்டில் ஒருவர் காலமானால் அவ்வீட்டாரிடம் என்ன சொல்வது? துக்கம் விசாரிக்கப் போகும் நம்மவர் பேசாமல் அமர்ந்திருந்து, 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருவர். அங்கோ ஒரு வாக்கியமேனும் சொல்லியாக வேண்டும்.

'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பதே அவ்வாக்கியம். பிழையேதும் செய்யாதபோது 'சாரி' எதற்கு என்று தயங்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்பது அச்சொல்லின் ஒரு பயன்பாடே. வருந்துகிறேன் என்பது அதன் பழம்பொருள். 'கண்டோலன்ஸ்' என்னும் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் உடன் நோதல் என்றே பொருள்.

'ரெஸ்ட் இன் பீஸ்' கிறிஸ்தவர்களின் லத்தீன் பிரார்த்தனையிலிருந்து வந்தது, அவர்களுக்குப் பொருந்தும். இந்துக் குடும்பத்துக்கு எழுதுகையில் 'ஓம் சாந்தி' போதும்.

பெரிதும் கவனிக்க வேண்டியது வேறொன்று. தொண்ணூறு வயதில் மறைந்தவரைக் 'கல்யாணச் சாவு' என்று ஊரில் ஆறுதலாகச் சொல்வோம். அதையே ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னால், தாயை இழந்தவர் மனம் புண்படும். அதைவிட, இறந்தவரின் பெயரைச் சொல்லி, தினமும் தோட்டத்திலிருந்து அவர் கையசைத்ததை நினைவுகூர்வது நன்று.

'ஏதேனும் வேண்டுமானால் கேளுங்கள்' என்றால் துக்கத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு உறவினர் உணவு கொண்டு செல்வது நம் வழக்கம். அமெரிக்காவிலும் அண்டை வீட்டார் சமைத்துக் கொண்டு வருவதுண்டு. காரம் குறைத்த எலுமிச்சைச் சாதம் எடுத்துச் செல்லலாம். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியிராத வகையில் கொடுப்பது அவ்வூர் மரியாதை.