ஓடுகிற மெஷினும் நிற்க வேண்டிய தாளும்

பிரிண்டிங் மெஷின் விற்பவர்கள் கொடுக்கும் பளபள கேட்லாக்கில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே ஒரு நம்பர்தான். மணிக்கு 15,000 ஷீட் அல்லது 18,000 ஷீட். வாங்குகிற முதலாளி கண்ணுக்கும் அதுதான் தெரிகிறது, பேங்க் லோனுக்குப் போகும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் அதுதான் ஏறுகிறது. அந்த வேகத்தில் வரும் தாள் எங்கே போய் எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. அச்சகத்தின் லாபத்தை முடிவு செய்வது மெஷினின் அச்சடிக்கும் பகுதி மட்டுமல்ல, தாள் வெளியே வந்து இறங்கும் டெலிவரி பகுதியும்தான் என்பதே இங்கே சொல்ல வரும் விஷயம்.

முதலில் கணக்கு. மணிக்கு 15,000 ஷீட் என்றால் ஒரு ஷீட்டுக்குக் கிடைப்பது 0.24 செகண்ட். கண் இமைக்கிற நேரம் மாதிரிதான். அச்சான ஷீட்டின் முன் விளிம்பைக் கிரிப்பர் என்னும் இடுக்கிகள் பிடித்து, செயின் மூலம் இழுத்து வருகின்றன. ஒரு கிரிப்பர் பாருக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் தாள் வரும் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். ஒரு ஆள் சைக்கிள் மிதிக்கும் வேகம்தானே என்று தோன்றும். ஆனால் சைக்கிளுக்கு எடை இருக்கிறது, பிரேக் இருக்கிறது. இங்கே ஓடி வருவது மை காயாத ஒரு காகிதம். காற்றில் படபடக்கும், மடங்கும், சரிந்து விழும். அதை கால் செகண்டுக்குள் நிறுத்தி, கீழே இருக்கும் அடுக்கின் மேல் ஓரம் பிசகாமல் படுக்க வைக்க வேண்டும். அதற்குள் அடுத்த ஷீட் வந்துவிடும்.

எப்படிச் செய்கிறார்கள்? தாளின் பின் விளிம்புக்குக் கீழே மெதுவாகச் சுற்றும் ரோலர்கள் அல்லது சிறிய பெல்ட்டுகள் இருக்கும். அவற்றில் துளைகள் இருக்கும், உள்ளிருந்து காற்று உறிஞ்சப்படும். முன் விளிம்பைக் கிரிப்பர் விடும் தறுவாயில் பின் விளிம்பை இந்த ரோலர் உறிஞ்சிப் பிடித்து இழுக்கும். தாள் இழுத்துப் பிடித்த வேட்டி மாதிரி விறைப்பாகி வேகம் குறையும். மேலிருந்து ஃபேன் காற்று அதை அமுக்கும், பக்கத்துத் தட்டுகள் தட்டி நேராக்கும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. உறிஞ்சல் அதிகமானால் மெல்லிய தாள் இழுபடும், தடம் விழும். குறைந்தால் தாள் முன்னால் இருக்கும் தடுப்பில் மோதி ஓரம் மடங்கும். இரண்டு பக்கமும் அச்சான தாளாக இருந்தால் கீழ்ப்பக்கத்து ஈர மையில் ரோலர் பட்டுத் தேய்ந்துவிடும். அதனால் மெஷின்மேன் அச்சில்லாத வெள்ளை இடைவெளியைத் தேடி ரோலரை நகர்த்தி வைப்பார். அப்படி இடைவெளியே இல்லாத டிசைன் வந்தால்? பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

ஆக, 15,000 ஓடக்கூடிய மெஷின் 9,000-ல் ஓடும். இங்கேதான் காஸ்ட் அக்கவுண்டிங் உள்ளே வருகிறது.

ஒரு உதாரணம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது வருடத்து காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். அதிலிருந்து மார்கழி வரை ஆர்டர் மேல் ஆர்டர். அப்படி ஒரு அச்சகத்துக்கு 90,000 ஷீட் வேலை வருகிறது. தடித்த ஆர்ட் பேப்பர், முழுப் பக்கமும் கலர். மெஷின் அவர் ரேட் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாளி கேட்லாக் வேகத்தில் 6 மணி நேரம் என்று கணக்குப் போட்டு 12,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார். டெலிவரியில் தாள் ஒழுங்காக இறங்குவது 9,000 வேகத்தில்தான். வேலை முடிய 10 மணி நேரம், அதாவது 20,000 ரூபாய். அந்த 8,000 ரூபாய் எங்கே போனது என்று எந்த வவுச்சரிலும் இருக்காது. தேய்மானமும் வட்டியும் தினமும் ஏறிக்கொண்டே இருக்கும். சரி, நஷ்டம் வேண்டாம் என்று 15,000-லேயே அழுத்தினால் அடுக்கு சரியும், ஈர மை அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும். ஒட்டாமல் இருக்க பவுடரை அதிகம் தூவினால் பின்னால் லேமினேஷன் சரியாகப் பிடிக்காது. ஒரு இடத்தில் மிச்சம் பிடித்தது இன்னொரு இடத்தில் போய்விடும்.

இது இன்றைய பிரச்சனையும் அல்ல. 1814 நவம்பர் 29 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை, ஃப்ரெட்ரிக் கோனிக் செய்த நீராவி மெஷினில் அச்சானது. கை மெஷினில் மணிக்குச் சுமார் 250 தாள் அடித்த இடத்தில் 1,100. ஆனால் தாளை வைப்பதும் எடுப்பதும் மனிதக் கைதான். 1848-ல் அதே பத்திரிகைக்கு ஆப்பிள்கெத் செய்த எட்டு சிலிண்டர் மெஷின் மணிக்கு 8,000-க்கு மேல் அடித்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தாள் வைக்க ஒருவர், எடுக்க ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. நீராவியின் வேகத்தை மனிதக் கையின் வேகம் கட்டிப்போட்டது. பிறகு காகிதச் சுருளிலிருந்து நேராக அச்சடிக்கும் மெஷின் வந்தபோது கையால் பிடிப்பது என்ற பேச்சே போய்விட்டது.

நியூஸ்பேப்பர் மெஷின்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்த விஷயத்திலேயே அழகானது. மணிக்கு 72,000 பிரதி என்றால் செகண்டுக்கு 20. பெரிய மெஷின்கள் இந்த வேகத்தை எட்டுகின்றன. மடித்த பிரதியின் நீளம் 30 செ.மீ. என்று வைத்தால், ஒன்றின் பின் ஒன்றாக விட பெல்ட் செகண்டுக்கு 6 மீட்டர் ஓட வேண்டும். அதற்குப் பதிலாக, மடித்து வரும் பிரதிகளை இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரம் வாங்கி, மெதுவாக ஓடும் பெல்ட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடத்துகிறது. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்திருக்குமே, அந்த மாதிரி. பிரதிக்குப் பிரதி 5 செ.மீ. மட்டும் வெளியே தெரிந்தால் போதும், பெல்ட்டின் வேகம் செகண்டுக்கு 1 மீட்டர். நிதானமாக நடக்கிற வேகம். வேகம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது, ஆனால் செகண்டுக்கு 20 பிரதி என்பதில் ஒன்றுகூடக் குறையவில்லை! வேகம் வேறு, உற்பத்தி வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த மேனேஜ்மெண்ட் புத்தகத்திலும் கிடைக்காது.

பிரிப்பதும் இங்கேதான். 1957-ல் ஸ்விட்சர்லாந்தில் வால்டர் ரைஸ்ட் ஆரம்பித்த ஃபெராக் நிறுவனம் நியூஸ்பேப்பர் கன்வேயர்களுக்குப் பெயர் பெற்றது. ஒவ்வொரு பிரதியையும் தனித்தனி இடுக்கியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் முறை அவர்களுடைய சிறப்பு. தனியாகப் பிடித்திருப்பதால் எந்தப் பிரதியை எங்கே விட வேண்டுமோ அங்கே விடலாம். ஆரம்பத்தில் கலர் சேராமல் வருவது கழிவுக்கு, நல்லது கட்டுக்கு. அடுக்கும் மெஷின் எண்ணி எண்ணி கட்டுப் போடும். மடிப்புப் பக்கம் தடிமன் அதிகம் என்பதால் கொஞ்சம் பிரதிகளை அடுக்கி, அடுத்த கொஞ்சத்தைத் திருப்பி வைக்கும், கட்டு ஒரு பக்கம் சாயாமல் இருக்க. விடியற்காலை வண்டியைத் தவறவிட்ட பேப்பர் பழைய பேப்பர்தான் என்பதால் இந்தக் கடைசி இருபது அடிதான் மொத்தத் தொழிலையும் தாங்குகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு. சின்ன பிரஸ்ஸில் இரண்டு ஆள் போட்டால் முடிந்தது" என்று. பாதி நியாயம். மணிக்கு 4,000 ஓடும் மெஷினுக்கு லட்சக்கணக்கில் டெலிவரி சாதனம் வாங்குவது வீண் செலவு. ஆனால் அதே முதலாளி 15,000 ஓடும் மெஷினுக்குக் கடன் வாங்கிவிட்டு, அதன் பின்பக்கத்தை மட்டும் 4,000 ஓடும் மெஷின் போலவே பார்ப்பதுதான் தப்பு. எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியான 'தி கோல்' நாவலில் சொன்னதும் இதுதான்: தடை இருக்கும் இடத்தில் இழந்த ஒரு மணி நேரம், மொத்தத் தொழிற்சாலையும் இழந்த ஒரு மணி நேரம். ஆள் போடுவதால் அந்தத் தடை போகாது. 0.24 செகண்டில் வரும் தாளை எந்தக் கையும் பிடிக்காது.

இன்னொன்று. டெலிவரி பக்கம் நின்று அடுக்கைப் பார்ப்பவர் பல இடங்களில் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவர். தாள் சரிந்தால் திட்டு வாங்குபவரும் அவர்தான், வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சோம்பேறி என்று பெயர் வாங்குபவரும் அவர்தான். ஆனால் எந்தப் பேப்பர், எந்த டிசைன், எந்த வேகம் வரை ஒழுங்காக இறங்கும் என்ற உண்மையான கணக்கு அவர் தலையில்தான் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் வேலைவாரியாக எழுதி வைத்தாலே விலை சொல்வதில் வரும் பாதி தப்பு போய்விடும். அதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் டெமோவில் வெள்ளைத் தாளை ஓட்டிக் காட்டச் சொல்லக் கூடாது. தங்கள் பிரஸ்ஸில் அதிகம் வரும் பேப்பரையும் டிசைனையும் எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூடவே முதலாளியின் மச்சானை அல்ல, டெலிவரி பக்கம் நிற்கும் அந்த ஆளை அழைத்துப்போக வேண்டும். அவர் தலையாட்டுகிற வேகம்தான் அந்த மெஷினின் வேகம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய நம்பரும் அதுதான்.