உணவு: இரக்கமன்று, உரிமை

பசித்தவருக்குச் சோறிடுதல் நல்லறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், ஒருவர் இடும் சோறு ஒருவேளைப் பசியையே தீர்க்கும். மறுவேளைக்கு ஏழை மீண்டும் கையேந்த வேண்டும். இந்நிலை மாற வேண்டுமாயின், உணவு இரக்கத்தால் கிடைக்கும் பொருளாக இல்லாமல் உரிமையாதல் வேண்டும். அவ்வுரிமையைத் தனியொருவர் வென்றெடுப்பது அரிது. பலர் கூடினால் இயலும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

2001ஆம் ஆண்டில் இராசஸ்தான் கடும் வறட்சியில் தவித்தது. வயல்கள் காய்ந்தன, வேலை கிடைக்கவில்லை, சிற்றூர் மக்கள் பட்டினியால் வாடினர். அதே வேளையில் அரசின் கிடங்குகளில் நாடெங்கும் 5 கோடி டன்னுக்கு மேற்பட்ட அரிசியும் கோதுமையும் குவிந்து கிடந்தன. உணவு இருந்தது, அது பசித்தவரைச் சென்றடையவில்லை. இக்கொடுமையை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கிற்குத் துணையாகப் பல அமைப்புகள் ஒன்றிணைந்து உணவு உரிமை இயக்கத்தை உருவாக்கின.

2001 நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. காமராசர் காலத்திலேயே மதிய உணவைக் கண்ட தமிழ்நாட்டிற்கு இது புதிதன்று. ஆயினும், பல மாநிலங்கள் ஆணையை நிறைவேற்றக் காலம் தாழ்த்தின. இயக்கத்தினர் சோர்ந்துவிடவில்லை. 2002 ஏப்ரல் 9 அன்று பல மாநிலங்களில் ஒரே நாளில் மதிய உணவிற்காகக் குரல் எழுப்பினர். மெல்ல மெல்லப் பள்ளிகளில் அடுப்புகள் எரியத் தொடங்கின. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது.

“அவரவர் இயன்ற உதவியைச் செய்தால் போதாதா? இயக்கம் எதற்கு?” என்று சிலர் வினவுவர். தனியொருவரின் கொடை சிலருக்கு உதவும். கொடுப்பவர் மனம் மாறினால் நின்றும் போகும். சட்டமோ, முகமறியாத கோடிக்கணக்கானோருக்கும் உதவும். மறுக்கப்பட்டால் கேட்கும் துணிவையும் தரும்.

எனினும், சட்டம் இயற்றியதோடு பணி முடிந்துவிடாது. பிழைப்பிற்காக வேறு மாநிலம் சென்ற தொழிலாளியின் குடும்ப அட்டை, நெடுங்காலம் அவர் சொந்த மாநிலத்தில் மட்டுமே பயன்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் அவர் பட்ட துன்பத்தை நாடே கண்டது. ‘ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தை எல்லா மாநிலங்களும் 2021 சூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இதற்கும் சமூகச் செயற்பாட்டாளர்களின் முறையீடு துணைநின்றது.

கூடிப் போராடுவோர் எல்லாவற்றிலும் ஒத்த கருத்துடையோர் அல்லர். மொழியாலும் கொள்கையாலும் வேறுபட்டோர், பசி தீர வேண்டும் என்னும் ஒன்றில் ஒன்றுபட்டனர். அவ்வொற்றுமை நிலைக்கும் வரையே உரிமையும் நிலைக்கும்.