ஒரே அட்டவணைக்கு ஏன் இரண்டு பெயர்?



“லாரவெல் இருக்கும்போது எஸ்கியூஎல் எதற்கு சேர்?” என்று உயர்தரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேலைக்குப் போன தம்பிமார் சிலரும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு பாடசாலைத் தரவுத்தளத்தை எடுங்கள். மாணவர் ஓர் அட்டவணை, பெற்றோர் ஓர் அட்டவணை. மாணவரின் நிரையில் தகப்பனின் இலக்கமும் தாயின் இலக்கமும் இருக்கும். இருவரின் தொலைபேசி இலக்கமும் வேண்டுமென்றால், பெற்றோர் அட்டவணையை இரண்டு தடவை ஜொயின் பண்ண வேண்டும். வெறுமனே எழுதினால் தரவுத்தளம் ஏற்காது. “பெற்றோர்” என்றால் அது யாரென்று எடுக்கும்?

இதற்குத்தான் மாற்றுப்பெயர். முதல் ஜொயினில் “பெற்றோர் அஸ் வாப்பா”, அடுத்ததில் “பெற்றோர் அஸ் உம்மா”. தமிழ்ப் பிள்ளைகள் அப்பா, அம்மா என்று வையுங்கள். அட்டவணை ஒன்றுதான், உறவு வேறு. லாரவெலிலும் அட்டவணைப் பெயரோடு “அஸ்” சேர்த்து இப்படியே எழுதலாம். பெயர் வைத்த பிறகு அந்த வினவல் முழுக்கப் புதுப் பெயரையே பாவிக்க வேண்டும். எழுத்தை மிச்சம் பிடிக்க பீ1, பீ2 என்று வைக்காதீர்கள். நாளைக்கு வாசிப்பவருக்கு உறவு விளங்க வேண்டும்.

பெரிய ஆபத்து இனித்தான். இருவரின் “தொலைபேசி” நிரலையும் அப்படியே செலெக்ட் பண்ணினால், லாரவெல் தரும் ஒப்ஜெக்டில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். கடைசியாக வந்தது முன்னதை அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வாவி பெருகிப் பாதை மூடிய நாளில், பிள்ளையைக் கூட்டிப்போக வீட்டிலிருக்கும் உம்மாவுக்கு அழைப்பு எடுத்தால், அது கட்டாரில் நிற்கும் வாப்பாவுக்குப் போகும். ஆகவே நிரலுக்கும் பெயர் வையுங்கள்: “வாப்பா_தொலைபேசி”, “உம்மா_தொலைபேசி”.

இந்தப் பிழை லாரவெலை மட்டும் படித்தவர் கண்ணில் படாது. பின்னால் ஓடும் எஸ்கியூஎல் விளங்கியவருக்கே படும். லாரவெல் வந்தது 2011இல். எஸ்கியூஎல் 1970களிலிருந்து இருக்கிறது. நூலகங்கள் மாறும், அடிப்படை நிற்கும்.

பிள்ளைகளே, முதலில் கொப்பியில் எஸ்கியூஎல் எழுதுங்கள். பிறகு லாரவெலில் எழுதி, “டூஎஸ்கியூஎல்” கட்டளையால் அது உருவாக்கும் வினவலை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.